மூச்சை அடக்காதே

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு ஆயுளில் பாதி மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குவதிலேயே போய்விடும். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்பக்கம் ரெண்டு" என்று விரலை வைத்துக் காட்டுவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதே பிழைப்பு. தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும்.

சமீபத்தில் அடியேனுக்கே அந்த நிலைமை வந்தது. தூத்துக்குடியை விட்டு ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது விசாகப்பட்டினத்தில் குடித்தனம். மகள் இங்கே கல்லூரியில் இரண்டாம் வருஷம். என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவு. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்தாள். பெற்றோர் சம்மதக் கடிதம், கூடவே இண்டெம்னிட்டி பாண்டு.

"ஸ்கூபா டைவிங் கேம்ப்ப்பா. பத்து நாள். முதல்ல நீச்சல் குளம், அப்புறம் கடல். எனக்கு செலக்‌ஷன் ஆயிடுச்சு."

தங்கமணி அதை ஒரு தடவை படித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். "உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எய்யா, ஒங்க மாமனப் பாத்தும் ஒனக்குப் புத்தி வரலியா?" என்றார் அம்மா.

மாமா கதைக்குக் கடைசியில் வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் தாளை வைத்துக்கொண்டு படித்தேன். தாளில் இருந்தது ஒரு பக்கம்தான். அதற்குப் பின்னால் இருந்த வரலாறு இரண்டாயிரம் வருஷம். பி.காம். படித்தவனுக்குப் புரிந்த அளவில் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி: கடலுக்குள் யார் முங்கினார்கள்?

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். முதலாம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் நம் கொற்கை வருகிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்தக் குறிப்பு. அதாவது கடலுக்குள் இறங்குவது அன்றைக்கு ஜெயில் தண்டனை. இன்றைக்கு அதே காரியத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்று செலக்‌ஷன் ஆகிறார்கள்!

பதிமூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ வருகிறார். அவர் சொல்லும் கணக்கு என்னைப் போன்ற ஆளுக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா மீன்கள் ஆளைத் தொடாதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு. அதாவது ஐந்து சதவீத இன்ஷூரன்ஸ் பிரீமியம். இந்த மந்திரக்காரர்களைக் கடல்கட்டி என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரன் காலத்திலும் முத்துக் குளிப்பின்போது இவர்களுக்கு அரசாங்கமே படி அளந்திருக்கிறது. மந்திரத்தில் துரைமார்களுக்கு நம்பிக்கை இருந்ததா என்பது வேறு விஷயம். கடல்கட்டி வராவிட்டால் குளியாளி இறங்கமாட்டான். குளியாளி இறங்காவிட்டால் வருமானம் இல்லை.

குளியாளியின் தொழில்நுட்பம் ஒரு கல், ஒரு கயிறு, ஒரு நெஞ்சு. கல்லில் காலை வைத்துக்கொண்டு இறங்குவான். ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அந்தக் கயிறு பிடிக்கிறவன் பெரும்பாலும் சொந்தக்காரனாக இருப்பான் என்று ஊரில் சொல்வார்கள். உயிர் அவன் கையில் அல்லவா. இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விதிதான்: மூச்சை அடக்கு.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு சிப்பி கிடைக்கவில்லை, சங்கு மட்டும் தொடர்ந்தது. அந்த 1960களிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் மகாதேவனும் நாகப்பன் நாயரும் மன்னார் வளைகுடாவில் தாங்களே முங்கி அடித்தளத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தண்டனைக் கைதி, குளியாளி, விஞ்ஞானி. அடுத்தது மாணவன்.

மாணவனை எப்படிக் கடலுக்குக் கொண்டு வந்தார்கள்?

என்.சி.சி.யின் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் 1917இல் பல்கலைக்கழகப் படைப்பிரிவு தொடங்கினார்கள். 1920இல் அது யுனிவர்சிட்டி ட்ரெய்னிங் கோர் ஆனது. சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல், ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, பள்ளி கல்லூரி இரண்டுக்குமாக நாடு தழுவிய ஓர் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரை வாங்கினார்கள். 1948இல் பார்லிமெண்டில் சட்டம், அதே வருஷம் ஜூலையில் என்.சி.சி. பிறந்தது. 1949இல் பெண்கள் பிரிவு. 1950இல் விமானப் பிரிவு. கடற்படைப் பிரிவு 1952இல்.

1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். என் அப்பா அந்தக் காலத்து ஆள். விருப்பம் இருக்கோ இல்லையோ பூட்ஸ் மாட்டியாக வேண்டும். 1968இல் கட்டாயம் போய், விருப்பப் பாடம் போல ஆனது. நான் தொண்ணூறுகளில் ஆர்மி விங். எனக்கு நினைவிருப்பது ட்ரில், வெயில், பரேடு முடிந்ததும் கொடுத்த பூரிக் கிழங்கு. இதில் எதற்காகச் சேர்ந்தேன் என்று கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்.சி.சி. மாணவன் ராணுவத்தில் சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போருக்கு ஆள் தயாரிப்பதற்காகத் தொடங்கிய யோசனை, மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்குத் துணிச்சலையும் ஒழுங்கையும் பழக்குகிற காரியமாக மாறிவிட்டது. மலையேற்றம், பாராசூட், பாய்மரப் படகு, ஸ்கூபா எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. 2020 சுதந்திர தினத்தன்று, எல்லை மற்றும் கடலோர மாவட்டங்கள் 173இல் ஒரு லட்சம் புதிய கேடட்டுகளைச் சேர்க்கப் போவதாகப் பிரதமர் அறிவித்தார். கடலோரப் பிள்ளைகள் கடலைப் பழக வேண்டும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் "நல்ல விஷயம்" என்பது வேறு, நம் வீட்டுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுவது வேறு.

நிற்க. இப்போது பாண்டில் இருந்த ஆபத்துக்கு வருவோம்.

மூச்சடக்கி முங்குகிறவன் மேலே இழுத்த காற்றோடு இறங்கி, அதே காற்றோடு ஏறுகிறான். கீழே போய்க் காற்று வாங்குவதில்லை. மனிதன் கீழேயும் மூச்சு விட ஆரம்பித்தபோதுதான் புது வியாதி வந்தது. 1830களில் ஆகஸ்டஸ் சீபே செம்புத் தலைக்கவசம் வைத்த முங்கு உடையைக் கொண்டு வந்தார். மேலிருந்து பம்ப் அடித்துக் காற்று அனுப்புவார்கள். பிறகு பாலம் கட்டுகிறவர்கள், ஆற்றடியில் பெரிய பெட்டியை இறக்கி, உள்ளே அழுத்தமான காற்றை அடைத்துத் தண்ணீரை வெளியே தள்ளி, அதற்குள் ஆட்களை இறக்கித் தோண்ட வைத்தார்கள். வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை. மேலே வந்த பிறகு மூட்டு வலி, முடக்கம், சாவு. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் ஈட்ஸ் பாலத்தில் ஒரு டஜனுக்கு மேல் செத்தார்கள். நியூயார்க் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் அடிபட்டு, மீதிக் காலத்தை ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தே கழித்தார். அவர் மனைவி எமிலிதான் வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நடந்து, 1883இல் பாலம் திறக்கும்வரை காரியத்தை நடத்தினார்.

கிரேக்க நாட்டில் கலிம்னோஸ் என்று ஒரு தீவு. கடல் பஞ்சு எடுப்பது அவர்கள் தொழில், நமக்குச் சங்கு போல. அவர்களும் ஆதியில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். 1860களில் முங்கு உடை வந்தது. நாள் முழுக்க கீழே இருக்கலாம், கூடுதலாக அள்ளலாம். இளைஞர்கள் கொத்துக் கொத்தாக முடமானார்கள், செத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தீவில் ஒரு நடனம் உண்டு. ஆடுகிறவன் கையில் ஒரு கம்பு. கால் வராமல் தடுமாறி ஆடுவான். முடமான குளியாளியின் நடை அது. இதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த ஒரு கம்பு ஞாபகம் வந்து, அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர் பால் பெர். 1878இல் எழுதினார். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பி ரத்தக் குழாயை அடைக்கிறது.

சரி, எவ்வளவு மெதுவாக வர வேண்டும்? அதைச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் ஆராய்ந்தபோது பலியானவை ஆடுகள். ஆட்டுக்கு வலி வந்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொள்ளும், பார்த்தவுடன் தெரியும். ஆட்டுக்குப் பிறகு ஆள். 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் டாமண்ட், கேட்டோ என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள் 210 அடிவரை இறங்கி, அவர் கணக்குப்படி தங்கித் தங்கி ஏறி, நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். 1908இல் அட்டவணை அச்சானது.

என் பாஷையில் சொன்னால், நைட்ரஜன் ஒரு கடன். ஆழத்தையும் நேரத்தையும் பொறுத்துக் கடன் ஏறுகிறது. ஒரே அடியாகத் திருப்பிக் கேட்டால் ஆள் திவால். தவணை போட்டு வாங்கினால் முழுசாகத் தீரும். ஹால்டேன் போட்டுக் கொடுத்தது தவணை அட்டவணை.

அந்த 1906 சோதனையில் இன்னொரு விஷயம் நடந்தது. அதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். ஹால்டேன் தன் பையனைக் கூட்டிப் போயிருந்தார். வயது பதிமூன்று. அவனையும் முங்கு உடையில் இறக்கினார். பெரிய ஆள் உடை, பையனுக்குத் தொளதொள என்று இருந்தது. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து ஏறிக்கொண்டே வந்தது. காற்று வால்வைத் திருகித் தண்ணீரைக் கழுத்துக்குக் கீழே நிறுத்தி வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி, இருந்துவிட்டு ஏறினான் பையன். இந்த அப்பாவிடம் எந்தக் கமிட்டியும் சம்மதக் கடிதம் கேட்கவில்லை!

அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1939 ஜூனில் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கி 99 பேர் செத்தபோது, என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தானே அழுத்த அறைக்குள் புகுந்துகொண்டார். ஆழத்தில் சுத்த ஆக்சிஜனே விஷமாகும் என்பதைத் தன் உடம்பிலேயே பார்த்தார். ஒரு தடவை வந்த வலிப்பில் முதுகெலும்பு நொறுங்கியது. செவிப்பறை ஓட்டையானதை, காது வழியாகப் புகை விடலாம் என்று வேடிக்கையாக எழுதினார். 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1961இல் இந்தியக் குடிமகன் ஆகி, 1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரில் காலமானார். உடலை மருத்துவ மாணவர்கள் படிக்கக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது போய்ச் சேர்ந்த இடம் காக்கிநாடா, ரங்கராயா மருத்துவக் கல்லூரி. இன்ஸ்பெக்‌ஷனுக்காக அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தக் கல்லூரி வாசலில் டீ குடித்திருக்கிறேன். இது தெரியாது.

மிச்சக் கதை சுருக்கம். 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னானும் சேர்ந்து, போர்க்காலத்தில் கேஸில் ஓடிய கார்களுக்காகச் செய்த ஒரு வால்வை மாற்றியமைத்தார்கள். மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று வரும். குழாய் வேண்டாம், பம்ப் வேண்டாம்; முதுகில் சிலிண்டர் போதும். இதுவும் உயிரைக் குடித்தது. 1947இல் அவர்கள் குழுவின் மோரிஸ் பார்க் சுமார் 120 மீட்டர் ஆழத்தில் பலகையில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, உயிரில்லாமல் மேலே வந்தார். அந்த ஆழத்தில் நைட்ரஜன் சாராயம் போல போதை ஏற்றும் என்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

இந்தக் கருவியோடு குளியாளியின் விதி தலைகீழானது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். நீச்சல் குள ஆழமே இதற்குப் போதும். அதனால் ஸ்கூபா பாடத்தின் முதல் விதி: மூச்சை அடக்காதே. பிறகு: மெதுவாக ஏறு. ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நில். தனியாகப் போகாதே. முங்கிய கையோடு விமானம் ஏறாதே. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் செத்திருக்கிறார், அல்லது முடமாகியிருக்கிறார்.

இனி மாமா. கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தம்பி. சங்கு குளிப்பவர். சின்ன வயசில் மூச்சடக்கித்தான் இறங்கினார். பிறகு தொண்ணூறுகளில் வள்ளத்தில் கம்பரசர் வந்தது. டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி இயந்திரம், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனை வாயில். மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். சங்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. மாமா அந்த வருஷம் வீட்டுக்கு டி.வி. வாங்கினார். நான் பி.காம். கடைசி வருஷம். ஒரு நாள் சாயங்காலம் கரைக்கு வந்தவர், உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று படுத்தார். விடியும்போது இடுப்புக்குக் கீழே இல்லை. வீட்டில் கடல் காத்து அடித்துவிட்டது என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். வாதம் என்று மருந்து கொடுத்தார்கள். பல மாதம் கழித்து ஒரு கால் ஓரளவு வந்தது. அன்றிலிருந்து கம்புதான்.

1908லேயே அச்சான அட்டவணை தொண்ணூறுகளில் தூத்துக்குடி வள்ளத்துக்கு வந்து சேரவில்லை. கருவி மட்டும் வந்தது, விதி வரவில்லை. கலிம்னோஸில் நடந்ததும் இதுதான், எங்கள் கடற்கரையில் நடந்ததும் இதுதான். மாமா பயந்தாங்கொள்ளியும் இல்லை, முட்டாளும் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து மாமாவுக்கே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். என் அம்மா மாதிரிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேல வரும்போது மெதுவா வரணும்னு சொல்லிக் குடுப்பாங்களா மாப்ள?"

"முதல் நாளே அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க மாமா. கூட நேவி டைவர் இருப்பாங்க. டாக்டர் பாத்து ஓகே சொன்னாத்தான் தண்ணிக்குள்ளயே விடுவாங்க."

"அப்போ போகட்டும். அக்காட்ட நான் பேசிக்கிடுதேன்."

கையெழுத்துப் போட்டேன். நான்கு இடம். எல்லாவற்றையும் படித்துவிட்டு.

மகள் பத்து நாள் கழித்துக் கறுத்துப்போய் வந்தாள். காது கொஞ்சம் வலித்ததாம். மூக்கைப் பிடித்து ஊதி அழுத்தத்தைச் சரி செய்யப் பழகுவதற்கே இரண்டு நாள் ஆனதாம். தண்ணிக்குள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் "சூப்பர்" என்று அர்த்தம் இல்லையாம், "மேலே போகலாம்" என்று அர்த்தமாம். தெரியாமல் சந்தோஷத்தில் காட்டி, சார் அவளை மேலே கூட்டி வந்துவிட்டாராம். வீடு முழுக்கச் சிரிப்பு.

அன்றைக்கு ராத்திரி அவளே தூத்துக்குடிக்குப் போன் போட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். மீன், பாறை, தண்ணீரின் நிறம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், "கடைசி நாள் அஞ்சு மீட்டர்ல கயித்தப் பிடிச்சுட்டு மூணு நிமிஷம் சும்மா நிக்கணும் தாத்தா, ரொம்ப போர்" என்றாள். அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இவள் மட்டும் "ம்... ம்... நின்னேன் தாத்தா, முழுசா நின்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிஸ்கி: இப்போதெல்லாம் கவுண்டரில், "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று தெலுங்கில் சொல்லிப் பார்க்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள்.